தலைக்கு மேல் திருவாதிரை: வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கவலையைச் சொல்கின்றன: கொழும்பு வெளிச்சத்துக்குள் இருந்துகொண்டு வானத்தில் எதைப் பார்க்க முடியும்? நிறையவே பார்க்கலாம். விண்மீன் பிறக்கும் இடம், அதன் இளமை, முதுமை, செத்தபின் எஞ்சும் தணல் எல்லாமே ஜனவரி முதல் மார்ச் வரை இந்த நகரின் உச்சியை ஒட்டிய ஒரே துண்டு வானத்தில் நிற்கின்றன. விலை கூடிய கருவியை விட, எந்த மாதம், எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம் பார்ப்பது என்பதே முக்கியம். கேள்விகளுக்கு வருவோம்.

மகனுக்குப் பத்து வயது. பிறந்தநாளுக்குத் தொலைநோக்கி கேட்கிறான். கடையில் பெட்டி மேல் ‘525 மடங்கு’ என்று போட்ட ஒன்று இருக்கிறது. வாங்கலாமா?
– வெள்ளவத்தை வாசகி

வேண்டாம். அந்த 525 எப்படி வருகிறது என்று பாருங்கள். குழாயின் குவியத் தூரம் 700 மில்லிமீற்றர். கூடவே தரும் பார்வைத்துண்டுகளில், அதாவது கண் வைத்துப் பார்க்கும் வில்லைகளில், குவியத் தூரம் மிகக் குறைந்தது 4 மில்லிமீற்றர். 700ஐ 4ஆல் வகுத்தால் 175. அதன் முன்னால் மூன்று மடங்காக்கும் பார்லோ வில்லையைச் செருகினால் 525. கணக்குச் சரி, காட்சிதான் வராது. ஒரு தொலைநோக்கி தாங்கும் உருப்பெருக்கம் அதன் வாயின் விட்டத்தைப் பொறுத்தது. விட்டத்தை மில்லிமீற்றரில் எடுத்து இரண்டால் பெருக்குங்கள். அதுதான் உச்சம். 76 மில்லிமீற்றர் கருவிக்கு 150ஐத் தாண்டினால் உருவம் மங்கிக் கலங்கும். போதாததற்கு அந்தப் பெட்டிகளில் வரும் முக்காலி ஈர்க்கில் மாதிரி. குவியத் திருகைத் தொட்டவுடன் நிலா வெளியே ஓடிவிடும். பிள்ளை நாலு இரவு முயன்றுவிட்டு, பிழை தன்னில்தான் என்று நினைத்து வானத்தையே விட்டுவிடுவான். எங்களுக்குக் கவலை அதுதான்.

அதே காசுக்கு நல்ல பைனாகுலர் ஒன்று வாங்குங்கள். பெரியவர்களுக்கு 10×50, பத்து வயதுக் கைக்கு 8×42. முதல் எண் உருப்பெருக்கம், அடுத்தது முன்வில்லையின் விட்டம் மில்லிமீற்றரில். பின்னதை முன்னதால் வகுத்தால் கண்ணுக்குள் வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும்; 10×50இல் அது 5 மில்லிமீற்றர். கடலோடிகளுக்குப் பிடித்த 7×50இல் 7 மில்லிமீற்றர். இருண்ட ஊரில் அது நல்லது. கொழும்பில் அது விண்மீனோடு சேர்த்து வானத்தின் சாம்பல் வெளிச்சத்தையும் அள்ளிக்கொண்டு வரும்.

கடையிலேயே மூன்று சோதனை செய்யுங்கள். பைனாகுலரைக் கண்ணிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்து, வெளிச்சத்தை நோக்கிப் பார்வைத்துண்டைப் பாருங்கள். அங்கே தெரியும் இரண்டு ஒளிவட்டமும் முழு வட்டமாக இருக்க வேண்டும். ஓரம் வெட்டுண்டு சதுரமாகத் தெரிந்தால் உள்ளே ஒளியைத் திருப்பும் கண்ணாடியான அரியம் மலிவானது. அடுத்து, கூரை மின்குமிழின் பிரதிபலிப்பை முன்வில்லையில் பாருங்கள். மங்கிய பச்சை அல்லது ஊதா நிறம் நல்ல பூச்சு. பளீரென்ற வெள்ளை என்றால் பூச்சே இல்லை. மாணிக்கச் சிவப்பு கண்ணாடி வெறும் அலங்காரம். கடைசியாக, வீதியின் அந்தக் கரையில் உள்ள பெயர்ப்பலகை ஒன்றை ஒரு நிமிடம் விடாமல் பாருங்கள். எழுத்து இரண்டாகத் தெரிந்தாலோ, எடுத்தபின் கண் இழுத்தாலோ, இரண்டு குழாயும் ஒரே பக்கம் பார்க்கவில்லை. வைத்துவிட்டு வாருங்கள்.

தொலைநோக்கிதான் வேண்டும் என்றால் காசு சேர்த்து 150 மில்லிமீற்றர் டொப்சோனியன் வாங்குங்கள். முக்காலி இல்லாமல் மரப்பெட்டி மேல் சுழலும் ஆடித் தொலைநோக்கி அது. குவியத் தூரம் 1200 என்றால், 25 மில்லிமீற்றர் பார்வைத்துண்டு 48 மடங்கும், 10 மில்லிமீற்றர் 120 மடங்கும் தரும். அதற்குமேல் அதிகம் தேவைப்படாது.

ஒரு விடயத்தை மகனுக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள்: எந்தக் கருவியாலும் சூரியனைப் பார்க்கக் கூடாது. பார்வைத்துண்டில் திருகும் ‘சூரிய வடி’ என்று ஒரு கறுப்புக் கண்ணாடி சில பெட்டிகளில் வரும். குவிந்த வெப்பத்தில் அது வெடிக்கும். அடுத்த கணம் விழித்திரை வெந்துவிடும். கண்டவுடன் உடைத்துக் குப்பையில் போடுங்கள்.

காலி வீதியோரத் தொடர்மாடியில் இருக்கிறோம். மொட்டைமாடியில் நின்றால் பத்துப் பதினைந்து விண்மீன்தான் தெரிகிறது. எங்கே தொடங்குவது?
– பம்பலப்பிட்டி வாசகர்

கண்ணிலிருந்து தொடங்குங்கள். இருட்டில் கண்மணி விரிவது சில விநாடி வேலை. விழித்திரையின் நிறப்பொருள் மீண்டும் ஊறிவர 20 முதல் 30 நிமிடம் எடுக்கும். இடையில் ஒருமுறை கைத்தொலைபேசியைப் பார்த்தால் எல்லாம் முதலிலிருந்து. தண்ணீர்த் தாங்கியின் நிழலில், வீதி விளக்கு ஒன்றும் நேரே கண்ணில் படாதபடி இடம் பிடியுங்கள். வரைபடம் பார்க்க டோர்ச் வேண்டுமென்றால், வெசாக் கூடு ஒட்டும் சிவப்புத் தாளை மூன்று நாலு மடிப்பாக அதன் முகத்தில் கட்டுங்கள். சிவப்பு ஒளி இருட்டுக்குப் பழகிய கண்ணை அவ்வளவாகக் கெடுக்காது. பின்னேரம் ஒரு மழை பெய்து ஓய்ந்த இரவு கிடைத்தால் விடாதீர்கள். காற்றிலுள்ள தூசி கழுவுப்பட்டுவிடும். வேறு நாளில் தெரியாதவை அன்று தெரியும்.

பெப்ரவரி நடுப்பகுதி, இரவு எட்டரை மணி என்று வைத்துக்கொள்வோம். பாய் விரித்து, கால் தெற்கே இருக்க மல்லாந்து படுங்கள். இடக்கை கிழக்கு, வலக்கை கடல். உச்சிக்குச் சற்றுக் கீழே, கால் பக்கமாக, மூன்று விண்மீன் நெருங்கி ஒரே கோட்டில் நிற்கும். அது ஓரியன் என்ற வேட்டைக்காரனின் இடுப்புப் பட்டி. கொழும்பின் அகலக்கோடு வடக்கு 7 பாகைக்குக் கொஞ்சம் குறைவு. பட்டி வானத்தின் நடுக்கோட்டில் இருக்கிறது. அதனால்தான் அது கிட்டத்தட்ட நெற்றிக்கு நேரே வருகிறது. தலைக்கு மேலே பார்ப்பதில் இன்னொரு நன்மை, ஊடே இருக்கும் காற்று மிகக் குறைவு. அடிவானத்தில் கரைந்து போகும் மங்கல் விண்மீன்கள் உச்சியில் பிழைத்துக்கொள்ளும்.

பட்டியிலிருந்து கால் பக்கமாகப் பைனாகுலரை அரைக் காட்சிப்புலம் இறக்குங்கள். மூச்சுப் பட்ட கண்ணாடி மாதிரி ஒரு சிறு வெண்மை தெரியும். ஓரியன் நெபுலா, வானியல் பட்டியலில் எம் 42. சுமார் 1,350 ஒளியாண்டு தொலைவில், வாயுவும் தூசியும் ஈர்ப்பினால் சுருண்டு விண்மீனாகிக்கொண்டிருக்கும் இடம். நேரே உற்றுப் பார்த்தால் மறையும். சற்றுப் பக்கத்தில் பார்வையை வைத்தால் தெரியும். மங்கலைப் பிடிக்கும் உணரிகள் விழித்திரையின் நடுவில் இல்லை, ஓரத்தில்தான் செறிந்திருக்கின்றன. டொப்சோனியனில் 48 மடங்கில் பார்த்தால் வெண்மையின் நடுவே நாலு விண்மீன் நெருக்கமாகத் தெரியும். அந்த நெபுலாவை ஒளிரவைப்பதே அவைதான், முக்கியமாக நால்வரில் பெரியது.

பட்டிக் கோட்டை வலக்கைப் பக்கமாக, சற்றுத் தலைப்பக்கம் நீட்டினால் செம்மஞ்சள் நிறத்தில் ரோகிணி. இன்னும் நீட்டினால் கார்த்திகை. கார்த்திகைக் கூட்டம் பிறந்து ஏறக்குறைய 10 கோடி ஆண்டுதான் ஆகிறது; விண்மீன் கணக்கில் பள்ளிக்கூடப் பிள்ளைகள். கொழும்பில் வெறுங்கண்ணுக்குப் புகை மாதிரித் தெரியும் இடத்தில் பைனாகுலர் முப்பதுக்குக் குறையாமல் காட்டும். முதன்முறை பார்க்கிறவர்கள் இதிலிருந்து தொடங்கலாம், ஒருபோதும் ஏமாற்றாது. ரோகிணியோ நடுவிலுள்ள ஐதரசன் தீர்ந்து சூரியனைப் போல் 40 மடங்குக்கு மேல் ஊதிப்போன செம்பெருமீன். இன்னும் 500 கோடி ஆண்டளவில் நம் சூரியனுக்கும் இதே கோலம்தான்.

அதே கோட்டை இடக்கைப் பக்கம் நீட்டினால் சிரியசு, வானத்தின் மிகப் பிரகாசமான விண்மீன், 8.6 ஒளியாண்டு. நடுவயதில் ஐதரசனை நிதானமாக இணைத்துக்கொண்டிருப்பது. அதைச் சுற்றி ஒரு வெண்குள்ளன் உண்டு. பூமியளவு உடம்புக்குள் சூரியனளவு திணிவு. ஆனால் சிரியசின் கூச்சத்தில் அதைப் பிரித்துப் பார்ப்பது பெரிய தொலைநோக்கிக்கே கடினம். வெண்குள்ளன் ஒன்றைக் கண்ணால் காண வேண்டுமென்றால், 16 ஒளியாண்டு தொலைவிலுள்ள 40 எரிடானி என்ற மும்மீனைத் தேடுங்கள். ஓரியனின் காலடியில் நீலவெள்ளையாக நிற்கும் ரிகெலுக்கு வலப்பக்கம், பதினைந்து பாகை தள்ளி. 150 மில்லிமீற்றர் கருவியில் பிரகாசமான முதல் மீனுக்குப் பக்கத்தில் ஒரு சிறு வெண்புள்ளி தெரிந்தால் அது செத்துக் குளிர்ந்துவரும் ஒரு விண்மீனின் கரு.

கடைசியாகக் கால் பக்கம். சிரியசுக்குக் கீழே, அடிவானத்திலிருந்து நீட்டிய கையின் மூன்று முட்டி உயரத்தில் அகத்தியர் விண்மீன். ஒரு முட்டி 10 பாகை. தெற்கே உயர்ந்த கட்டடம் இல்லாவிட்டால் தவறாது.

ஓரியனின் தோளிலுள்ள திருவாதிரையை மட்டும் வேண்டுமென்றே விட்டிருக்கிறோம். அதற்கென்று ஒரு கேள்வி வந்திருக்கிறது.

திணிவு கூடிய விண்மீனிடம் எரிபொருளும் கூட. அப்படியிருக்க அது ஏன் முதலில் சாகிறது? இரும்பில் வந்து ஏன் எல்லாம் நிற்கிறது?
– கொட்டாஞ்சேனை உயர்தர மாணவர்

தம்பி, வரவைப் பார்த்த நீங்கள் செலவைப் பார்க்கவில்லை. விண்மீன் ஒன்றின் ஒளிர்வு அதன் திணிவின் ஏறத்தாழ மூன்றரையாம் வலுவுக்கு ஏற்பக் கூடும். சூரியனைப் போல் 10 மடங்கு திணிவுள்ளது சுமார் 3,200 மடங்கு ஒளிரும். எரிபொருள் 10 மடங்கு, செலவு 3,200 மடங்கு. ஆயுள் 320இல் ஒரு பங்கு. சூரியனின் ஆயுள் 1,000 கோடி ஆண்டு என்றால் இதற்கு மூன்று கோடி ஆண்டுதான். ஏன் இந்தச் செலவு? மேலே இருக்கும் பாரத்தைத் தாங்க நடுப்பகுதி கூடிய வெப்பநிலையில் இருக்க வேண்டும். அணுக்கரு இணைவு வீதமோ வெப்பநிலை சற்றுக் கூடினாலே பன்மடங்கு ஏறிவிடும். மறுபக்கம், சூரியனின் எட்டில் ஒரு பங்கு திணிவுள்ள புரொக்சிமா சென்டோரி மாதிரிச் செங்குள்ளன் இலட்சம் கோடி ஆண்டைத் தாண்டியும் இருக்கும்.

இரண்டாவது கேள்விக்கு விடை உங்கள் பௌதிகவியல் புத்தகத்திலேயே இருக்கிறது. ஒரு நியூக்கிளியோனுக்கான (கருவிலுள்ள ஒரு புரோத்தன் அல்லது நியூத்திரனுக்கான) பிணைப்புச் சக்தி வளையியை எடுத்துப் பாருங்கள். ஐதரசனிலிருந்து ஏறிப்போய், இரும்பு – நிக்கல் பக்கத்தில் உச்சி தொட்டு, பிறகு மெல்ல இறங்கும். ஏறும் பக்கத்தில் இணைத்தால் சக்தி வெளியே வரும். உச்சியைத் தாண்டி இணைக்க வேண்டுமென்றால் சக்தியை உள்ளே கொடுக்க வேண்டும். விண்மீனோ கொடுப்பதற்கு ஒன்றும் இல்லாமல் நிற்கிறது.

உச்சியை நெருங்க நெருங்க ஓட்டம் எப்படிக் கூடுகிறது என்பதற்கு, சூரியனைப் போல் 25 மடங்கு திணிவுள்ள விண்மீனின் கணக்கைப் பாருங்கள். ஐதரசன் தீரச் சுமார் 70 இலட்சம் ஆண்டு. ஈலியம் ஐந்து இலட்சம் ஆண்டளவு. காபன் 600 ஆண்டு. நியோன் ஓர் ஆண்டு. ஒட்சிசன் ஆறு மாதம். சிலிக்கன் ஒரு நாள்! ஒவ்வொரு படியிலும் கிடைக்கும் சக்தி குறைவு. அத்துடன் காபனுக்குப் பிறகு, எதிலும் இலேசில் மோதாத நியூத்திரினோ என்ற துகள்கள் உள்ளேயிருந்து நேரே தப்பி, ஒளி வடிப்பதைவிட அதிகமாகச் சக்தியை வடித்துக்கொண்டு போகின்றன. இரும்புக் கரு சூரியனைப் போல் ஏறக்குறைய 1.4 மடங்கு திணிவைத் தொட்டதும் இலத்திரன்களின் எதிர்ப்பு உடைந்து, ஒரு விநாடிக்குள் இடிந்து விழுகிறது. எஞ்சுவது 20 கிலோமீற்றர் அகலமுள்ள நியூத்திரன் விண்மீன். மிகப் பெரியவற்றில் கருந்துளை. வெளியே இருக்கும் படைகள் சிதறுவதைத்தான் சூப்பர்நோவா என்கிறோம்.

அந்த 1.4 என்ற எல்லை சந்திரசேகர் பெயரால் அழைக்கப்படுகிறது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு, 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது, 19 வயதில், வெண்குள்ளனுக்கு ஒரு திணிவு எல்லை உண்டு என்று கணக்கிட்டவர். நோபல் பரிசு கிடைத்தது 1983இல்.

விடைத்தாளில் அடிக்கடி வரும் இரண்டு பிழைகள்: சூரியன் சூப்பர்நோவா ஆகும் என்று எழுதாதீர்கள். அதற்குப் பிறக்கும்போதே 8 மடங்கு திணிவாவது வேண்டும். சூரியன் செம்பெருமீனாகி, மேற்படைகளை உதிர்த்து, வெண்குள்ளனாக அடங்கும். விண்மீன் ‘எரிகிறது’ என்ற சொல்லையும் கவனியுங்கள். அங்கே தகனம் இல்லை, ஒட்சியேற்றம் இல்லை, அணுக்கருக்கள் இணைகின்றன.

திருவாதிரை வெடிக்கப் போகிறது என்று கைத்தொலைபேசியில் செய்தி அனுப்புகிறார்கள். உண்மையா? நமக்கு ஆபத்து உண்டா?
– மட்டக்குளி வாசகி

வெடிக்கும் என்பது உண்மை. எப்போது என்பதில்தான் அந்தச் செய்திகள் தடம் புரள்கின்றன. அடுத்த ஓர் இலட்சம் ஆண்டுக்குள் என்பதே வானியலாளர் பலர் சொல்லும் அளவு. தூரம் 500 முதல் 700 ஒளியாண்டு வரை. அவ்வளவு தொலைவில் வெடித்தால் பூமிக்குத் தீங்கில்லை. சில வாரங்களுக்கு அரைநிலா அளவு பிரகாசத்தோடு ஒரே புள்ளியாக, பகலிலும் தெரிந்துகொண்டிருக்கும். ஒளி வருமுன்னரே நியூத்திரினோக்கள் வந்துவிடும். 1987 பெப்ரவரியில், பால்வீதிக்குப் பக்கத்துச் சிறு விண்மீன் தொகுதியான பெரிய மகெல்லன் முகிலில் சூப்பர்நோவா வெடித்தபோது, யப்பானின் கமியோகண்டே உணரி அவற்றை ஒளிக்கு முன்பே பிடித்தது.

வதந்தி கிளம்பியது 2019 கடைசியிலிருந்து 2020 பெப்ரவரி வரை அந்த விண்மீன் வெறுங்கண்ணுக்கே மங்கிப் போனதால். அது சாவின் முன்னறிவிப்பு அல்ல. தன் மேற்பரப்பிலிருந்து உமிழ்ந்த வாயு குளிர்ந்து தூசியாகி, நமக்கும் அதற்கும் நடுவில் திரை போட்டது. பிறகு தெளிந்துவிட்டது. இவ்வளவு பெரிய உடம்புக்கு இது இயல்பு. சூரியன் இருக்கும் இடத்தில் அதை வைத்தால் செவ்வாயின் பாதையையும் விழுங்கிவிடும். மேற்படைகளை ஈர்ப்பு இறுக்கிப் பிடிக்க முடியாது.

செய்தியை நம்புவதா விடுவதா என்று யாரிடமும் கேட்க வேண்டாம், நீங்களே அளக்கலாம். கருவி ஒன்றும் தேவையில்லை. கொழும்புக்காரருக்கு இதில் ஒரு பேறு உண்டு: திருவாதிரை இந்நகரின் உச்சிப் புள்ளியிலிருந்து அரைப் பாகைக்குள் கடந்து போகிறது. பெப்ரவரி முதல் வாரத்தில் இரவு 9 மணி தாண்டி, நேரே நிமிர்ந்து பாருங்கள். சிவந்து தெரிவது அதுதான். சந்தேகமென்றால் பைனாகுலரின் குவியத்தைச் சற்றுக் குலைத்து விடுங்கள். புள்ளி வட்டமாக விரியும்போது நிறம் தெளிவாகும். ரிகெலையும் அப்படியே பாருங்கள். 3,600 கெல்வின் அளவுக்கும் 12,000 கெல்வினுக்கும் உள்ள வேறுபாடு கண்ணிலேயே தெரியும்.

இனி ஒப்பீடு. பிரகாச எண் சிறிதாக இருந்தால் ஒளி கூட என்பதை நினைவில் வையுங்கள். ரிகெல் 0.1, சிறுநாய் மண்டலத்தின் புரோசியன் 0.4, ரோகிணி 0.9, புனர்பூசத்தின் பொலக்ஸ் 1.1, ஓரியனின் மற்றத் தோளிலுள்ள பெல்லாட்ரிக்ஸ் 1.6. திருவாதிரை எந்த இரண்டுக்கு நடுவில் இருக்கிறது, எதற்குக் கிட்ட என்று பார்த்து ஓர் எண் எழுதுங்கள். புரோசியனுக்கும் ரோகிணிக்கும் சரி நடுவில் என்றால் 0.65. மாதம் இரண்டு தடவை போதும். பிழை வருவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்: சிவப்பு விண்மீனை நெடுநேரம் உற்றுப் பார்த்தால் அது கண்ணில் ஏறி ஏறிப் பிரகாசமாகிவிடும். ஒரு வீச்சு அங்கே, ஒரு வீச்சு இங்கே என்று பாருங்கள். ஒப்பிடும் இரண்டும் ஒரே உயரத்தில் இருக்கும் நேரமாகவும் எடுங்கள். ஒன்று உச்சியிலும் மற்றது அடிவானத்திலும் நின்றால் காற்று அளவைக் கெடுக்கும்.

மார்கழித் திருவெம்பாவை முடியும் நாள் விடியற்காலை கோயிலுக்குப் போகிறவர்கள் மேற்கே பாருங்கள். நிறைநிலா நிற்கும் அதே பக்கத்து வானில்தான் திருவாதிரையும் இறங்கிக்கொண்டிருக்கும்.

கல்யாணத்தில் ஐயர் பகல் பதினொரு மணிக்கு அருந்ததி பார்க்கச் சொல்கிறார். உண்மையில் அது எங்கே இருக்கிறது?
– தெகிவளை வாசகர்

சப்தரிஷி மண்டலத்தின் வாலில், நுனியிலிருந்து இரண்டாவது வசிட்டர். அதை ஒட்டி மங்கலாக நிற்பது அருந்ததி. இடைவெளி முழுநிலா விட்டத்தின் மூன்றில் ஒன்றுக்குச் சற்றுக் கூட. ஏப்ரல், மே இரவுகளில் வடக்கே நாலு முட்டி உயரத்துக்கு வரும். அருந்ததியின் பிரகாச எண் 4 என்பதால் கொழும்பில் வெறுங்கண்ணுக்கு ஐயம்தான்; பைனாகுலரில் தவறாது. தொலைநோக்கி வைத்திருப்பவர்கள் 48 மடங்கில் பாருங்கள், வசிட்டரே இரண்டாகப் பிரிவார். இந்தக் குடும்பத்தில் இன்னொரு உறவும் உண்டு. சப்தரிஷிகளில் இரு ஓரத்து மீன்களை விட்டால், நடு ஐவரும் அருந்ததியும் ஒரே முகிலில் பிறந்து இன்றும் ஒரே திசையில் போய்க்கொண்டிருக்கும் உடன்பிறப்புகள். தொலைவு ஏறக்குறைய 80 ஒளியாண்டு.

துருவ நட்சத்திரத்தைத் தேடிக் களைக்காதீர்கள். அதன் உயரம் ஊரின் அகலக்கோட்டுக்குச் சமம். இங்கே 7 பாகை. கட்டடமும் புகையும் விடாது.

பைனாகுலருக்குள் சிலந்தி வலை மாதிரி வெண்ணூல் படர்ந்திருக்கிறது. துடைத்தும் போகவில்லை.
– கொள்ளுப்பிட்டி வாசகர்

பூஞ்சணம். அது உள்முகத்தில் இருப்பதால் வெளியே துடைத்துப் பயனில்லை. கொழும்புக் காற்றில் ஈரப்பதன் பெரும்பாலும் 70 சதவீதத்துக்கு மேல். கைரேகை எண்ணெயும் தூசியும் இரை. இருட்டு அலுமாரியும் தோல் உறையும் சேர்ந்தால் சில மாதத்தில் குடியேறிவிடும். அது சுரக்கும் அமிலம் வில்லையின் பூச்சைத் தின்னும். முற்றிவிட்டால் துடைத்தாலும் தடம் போகாது.

நீங்களே திறக்க வேண்டாம். அரியம் இம்மியளவு அசைந்தாலும் இரட்டை உருவம் வந்துவிடும். கமரா வில்லை திருத்துகிறவரிடம் கொடுங்கள். விலை குறைந்த கருவியென்றால் திருத்தும் கூலி புதியதன் விலையை எட்டும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் செய்ய வேண்டியது வேறு. இறப்பர் விளிம்புள்ள, காற்றுப் புகாத 10 லீற்றர் பிளாஸ்டிக் பெட்டி ஒன்று, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் 200 கிராம், சிறிய ஈரமானி. முள் 40க்கும் 50க்கும் இடையில் நிற்க வேண்டும். 60ஐத் தாண்டினால் ஜெல்லைக் காயவைக்க வேண்டும்: ஓவனில் 120 பாகை செல்சியஸ், இரண்டு மணித்தியாலம். நிறம் மாறும் மணிகளில் செம்மஞ்சள் வகையை வாங்குங்கள். நீல வகையில் கோபால்ட் உப்பு உண்டு. சமைக்கும் ஓவனுக்கு ஆகாது.

குளிரூட்டிய அறையிலிருந்து நேரே மாடிக்குக் கொண்டு போனால் வில்லை வியர்க்கும். பையை மூடியபடி வெளியே அரை மணித்தியாலம் வைத்து, பிறகு திறவுங்கள். வியர்த்ததை அப்படியே உறையில் போட்டு வைப்பதுதான் பூஞ்சணத்துக்கு வாசல். கடலோர மாடியில் உப்புத் தூவலும் படியும். முதலில் காற்றுக் குமிழால் ஊதுங்கள், பிறகு மென்தூரிகை. அதற்கும் போகாவிட்டால் மட்டும் வில்லைத் தாளில் ஒரு துளி ஐசோபுரோப்பைல் மதுசாரம் விட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு. சாரம், சட்டை நுனி, கடதாசிக் கைக்குட்டை எதுவும் கூடாது. உப்புக்கல்லோடு சேர்த்துத் தேய்த்தால் கீறல்தான் மிஞ்சும்.

நட்சத்திரம் விழுந்தால் வானத்தில் ஒன்று குறையுமா?
– வத்தளை, ஏழாம் வகுப்பு மாணவி

குறையாது பிள்ளை. விழுவது விண்மீன் அல்ல, மணலளவு தூசி. விநாடிக்குப் பல பத்துக் கிலோமீற்றர் வேகத்தில் நம் வளிமண்டலத்துக்குள் வந்து, ஏறக்குறைய 100 கிலோமீற்றர் உயரத்தில் ஒளிர்ந்து தீர்ந்துவிடும். டிசெம்பர் 14ஆம் திகதியை ஒட்டிய இரவுகளில் நள்ளிரவுக்குப் பின் பார்த்தால் நிறைய எண்ணலாம். அம்மாவையும் எழுப்புங்கள்.

கைத்தொலைபேசியால் ஓரியனைப் படம் எடுக்க முடியுமா? எனக்கு வெறும் செம்மஞ்சள் மூட்டமாக வருகிறது.
– இரத்மலானை வாசகர்

மூட்டம் நகரத்து வெளிச்சம். நீண்ட நேரம் திறந்து வைப்பதால் வருவது. கைமுறை அமைப்புக்கு மாற்றி ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்வு) 400, நேரம் 4 விநாடி, குவியம் முடிவிலி, மூன்று விநாடி தாமதம் என்று வையுங்கள். தொலைபேசியை முக்காலியில் பொருத்துங்கள். இல்லாவிட்டால் அரிசிப் பை மேல் சாய்த்து வைக்கலாம். இருபது படம் எடுத்து, அடுக்கிச் சேர்க்கும் செயலி ஒன்றில் கொடுங்கள். இருண்ட ஊரில் 1600க்கும் 10 விநாடிக்கும் போகலாம். 15 விநாடியைத் தாண்டினால் புள்ளி கோடாகும். ஓரியன் வானத்தின் நடுக்கோட்டில் இருப்பதால் நகர்வு அங்கேதான் மிகக் கூட.

பௌர்ணமி விடுமுறையில் குடும்பமாக வெளியூர் போய் வானம் பார்க்க நினைக்கிறோம். எங்கே போகலாம்? கொழும்பிலேயே பெரிய தொலைநோக்கி இல்லையா?
– வெள்ளவத்தை வாசகர்

போயா நாள் விடுமுறைக்கு நல்லது, விண்மீனுக்கு ஆகாது. நிறைநிலா வானத்தையே வெளுக்கச் செய்துவிடும். நிலாவைப் பார்ப்பதற்கும் அது நாளல்ல. ஒளி நேரே விழுவதால் பள்ளங்களில் நிழல் இருக்காது. நிலாவுக்கு வளர்பிறை ஏழாம் எட்டாம் நாள், விண்மீனுக்கு அமாவாசையை ஒட்டிய வார இறுதி.

கொழும்பு 7இல் 1965இல் திறந்த கோள்மண்டலம் இருக்கிறது. அங்கே அரைக்கோளக் கூரையில் ஒளியால் வானத்தைக் காட்டுவார்கள், தொலைநோக்கியால் பார்ப்பதல்ல. பிள்ளைகளுக்கு உருவங்களை முன்கூட்டியே பழக்க அதைவிட நல்ல இடம் இல்லை. 45 சென்ரிமீற்றர் தொலைநோக்கி மொறட்டுவை கட்டுபெத்தையிலுள்ள ஆதர் சி. கிளார்க் நிறுவனத்தில் இருக்கிறது. பொதுமக்களுக்கான இரவு உண்டா என்று முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு போங்கள்.

வெளியூருக்கு மாதம் பார்த்துத்தான் ஊரைத் தெரிய வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை மேற்கிலும் தெற்கிலும் தென்மேல் பருவக்காற்று முகில் கொண்டுவரும். அப்போது வறண்டிருப்பது கிழக்கு. பாசிக்குடா, திருகோணமலைப் பக்கம் ஜூலை அமாவாசைக்குப் போனால், இரவு ஒன்பது மணியளவில் தேள் மண்டலமும் அதன் நெஞ்சில் கேட்டை என்ற செம்மீப்பெருமீனும், வாலருகே பால்வீதியின் தடித்த பகுதியும் தெற்கே உயர்ந்து நிற்கும். காட்டோர வீதிகளில் இரவில் வாகனத்தை நிறுத்தி இறங்காதீர்கள், யானை வரும். தங்குமிடத்து முற்றமே போதும்.

பெப்ரவரி முதல் ஏப்ரல் நடு வரை என்றால் எங்கள் தெரிவு மாத்தறைக்கும் தங்காலைக்கும் இடையிலுள்ள கடற்கரை. கொழும்பில் கடல் மேற்கே. அங்கே கடல் தெற்கே. தெற்கு அடிவானம் முழுக்க இருட்டு, அந்தார்ட்டிக்கா வரை தரையே இல்லை. சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் இரவு ஒன்பதரை மணியளவில் தெற்கே இரண்டரை முட்டி உயரத்தில் பைனாகுலரை வைத்தால், எம் 42ஐ விடப் பெரிய வெண்முகில் ஒன்று காட்சிக்குள் வரும். கரீனா நெபுலா. அதன் நடுவே இருக்கும் ஈற்றா கரீனா 1840களில் திடீரென்று ஊதி, சிரியசுக்கு அடுத்த பிரகாசத்தைச் சில காலம் எட்டிவிட்டு அடங்கியது. உதிர்த்த கூட்டுக்குள் இன்னும் கொதித்துக்கொண்டிருக்கிறது. நள்ளிரவை நெருங்க அதற்கு இடப்பக்கம் தென்சிலுவை நிமிர்ந்து நிற்கும்.